கன்டெய்னர் ஓடும் விஎம்களை லோடு பேலன்சருக்குப் பின்னால் வைத்து ஆட்டோஸ்கேல் செய்வது எப்படி

ஒரே ஒரு விஎம்மில் (கிளவுடில் வாடகைக்கு எடுக்கும் விர்ச்சுவல் மெஷின்) டாக்கர் கன்டெய்னராக ஓடிக்கொண்டிருக்கும் வெப் ஆப், கூட்டம் வரும்போது தானாக ஐந்தாறு மெஷினாகப் பெருகி, கூட்டம் கலைந்ததும் திரும்ப இரண்டாகச் சுருங்க வேண்டும். இதைக் கூகுள் கிளவுடில், பல கன்டெய்னர்களை நிர்வகிக்கும் குபர்னெட்டிஸ் இல்லாமல், வெறும் விஎம்களை வைத்தே எப்படிச் செய்வது என்று முதலிலிருந்து எழுதுகிறேன். இருப்பது ஒன்றிரண்டு சர்வீஸ், பார்த்துக்கொள்ள ஆள் ஒருவரோ இருவரோதான் என்றால், குபர்னெட்டிஸ் கிளஸ்டர் கட்டிப் பராமரிப்பதைவிட இது எவ்வளவோ லேசு. அமேசானிலும் அசூரிலும் பெயர்கள் மாறும், வேலை ஏறக்குறைய இதேதான்.

ஒரு விஷயத்தை மட்டும் முதலிலேயே பிடித்துக்கொள்ளுங்கள். மெஷினைக் கூட்டுவதும் குறைப்பதும் கூகுள் செய்யும் வேலை. புதிய மெஷின் எழுந்து முதல் ரிக்வெஸ்ட்டுக்கு ஒழுங்காகப் பதில் சொல்ல எத்தனை வினாடி ஆகிறது என்பது நம் கையில் இருக்கிறது. ஆட்டோஸ்கேலிங் உங்களைக் காப்பாற்றுமா இல்லையா என்பது அந்த வினாடிகளைப் பொறுத்தது, அதனால் கீழே வரும் ஒவ்வொரு படியிலும் அதைத்தான் குறைக்கப் பார்ப்போம்.

முதலில் கன்டெய்னரைச் சரிசெய்யுங்கள்

இந்த ஏற்பாட்டில் எந்த மெஷினும் எந்த நிமிடமும் அழிக்கப்படலாம். அதனால் மெஷினின் டிஸ்க்கில் எதையும் விட்டுவைக்காதீர்கள். லாகின் செஷன் ரெடிஸிலோ டேட்டாபேஸிலோ இருக்கட்டும், பயனர் ஏற்றும் படங்கள் கிளவுட் ஸ்டோரேஜுக்குப் போகட்டும், லாக் எல்லாம் ஃபைலில் எழுதப்படாமல் ஸ்டாண்டர்ட் அவுட்புட்டில் வரட்டும். செஷனை மெமரியில் வைத்திருக்கும் ஆப்பை இரண்டு மெஷினில் ஓட்டினால், ஒரு கிளிக்குக்கு லாகின் ஆகியிருப்பார், அடுத்த கிளிக்குக்கு வெளியே இருப்பார். லோடு பேலன்சரில் (வரும் ரிக்வெஸ்ட்களை மெஷின்களுக்குப் பிரித்துக் கொடுப்பது) ஒரே பயனரை ஒரே மெஷினுக்கு அனுப்பும் அஃபினிட்டி வசதி உண்டு, ஆனால் அந்த மெஷின் அழியும்போது செஷனும் அழிந்துவிடும். மூலத்திலேயே சரிசெய்வதுதான் நல்லது.

அடுத்தது, மூடும்போது ஒழுங்காக மூடுவது. டாக்கர் ஒரு கன்டெய்னரை நிறுத்தும்போது முதலில் சிக்டெர்ம் (நின்றுவிடு என்று கேட்கும் சிக்னல்) அனுப்பும், வழக்கமாக 10 வினாடி காத்திருக்கும், அதற்குள் நிற்கவில்லை என்றால் சிக்கில் அனுப்பிக் கொன்றுவிடும். உங்கள் ஆப் சிக்டெர்ம் வந்ததும் புதிய இணைப்புகளை ஏற்பதை நிறுத்தி, கையில் இருக்கும் ரிக்வெஸ்ட்களை முடித்துவிட்டு வெளியேற வேண்டும். இதில் பலரும் சறுக்கும் இடம் ஒன்று உண்டு. டாக்கர்ஃபைலில் கடைசி சிஎம்டி வரியை வெறும் சரமாக எழுதினால், உள்ளே முதல் பிராசஸாக ஓடுவது உங்கள் ஆப் இல்லை, ஒரு ஷெல். அந்த ஷெல் சிக்டெர்மை ஆப்புக்குக் கடத்தாது. ஆப்பில் எவ்வளவு அழகாகக் கோடு எழுதியிருந்தாலும் 10 வினாடி வீணாகி, கடைசியில் சிக்கில்தான் வரும். அந்த வரியைச் சதுர அடைப்புக்குள் பட்டியலாக எழுதுங்கள், ஆப்பே முதல் பிராசஸாக ஓடும். சரியாக இருக்கிறதா என்று பார்ப்பதும் சுலபம்: உங்கள் லேப்டாப்பில் கன்டெய்னரை ஓட்டி, டாக்கர் ஸ்டாப் கொடுத்துப் பாருங்கள். ஓரிரு வினாடியில் நின்றால் சரி, துல்லியமாக 10 வினாடி எடுத்தால் சிக்னல் போய்ச் சேரவில்லை.

அப்புறம் இமேஜின், அதாவது கன்டெய்னரை எழுப்பும் பொதியின், எடை. புதிய மெஷின் எழும்போதெல்லாம் முழு இமேஜையும் இறக்கி விரிக்க வேண்டும். கம்பைலர், டெஸ்ட் கருவிகள் எல்லாம் உள்ளே கிடக்கும் ஒரு ஜிபி இமேஜுக்கும், மல்டி-ஸ்டேஜ் பில்டில் (ஓடத் தேவையானதை மட்டும் கடைசி இமேஜில் வைக்கும் முறை) கட்டிய நூறு சொச்சம் எம்பி இமேஜுக்கும் உள்ள வித்தியாசம், கூட்ட நேரத்தில் பயனர் காத்திருக்கும் நேரமாக வந்து நிற்கும். ஆப் தொடங்கும்போது மைக்ரேஷன் (டேட்டாபேஸ் அமைப்பை மாற்றுவது) ஓட்டுவது, பெரிய கேஷ் நிரப்புவது போன்ற வேலைகளையும் வெளியே எடுத்துவிடுங்கள். மைக்ரேஷனை ஆறு மெஷின் ஒரே நேரத்தில் தொடங்குவதை யாரும் விரும்ப மாட்டார்கள்.

டெம்ப்ளேட்

இமேஜை கூகுளின் இமேஜ் கிடங்கான ஆர்ட்டிஃபேக்ட் ரெஜிஸ்ட்ரியில், விஎம்கள் ஓடப்போகும் அதே ரீஜியனில் ஏற்றுங்கள். மும்பை என்றால் மும்பை. டெம்ப்ளேட்டில் இமேஜைக் குறிப்பிடும்போது லேட்டஸ்ட் என்ற டேகைப் போடவே வேண்டாம். நேற்று எழுந்த மெஷின் நேற்றைய கோடுடனும், இன்று மதியம் ஆட்டோஸ்கேலர் எழுப்பிய மெஷின் இன்று காலை ஏற்றிய கோடுடனும் ஓடும், எந்தப் பயனருக்கு எது கிடைக்கிறது என்று யாருக்கும் தெரியாது. ஒவ்வொரு பில்டுக்கும் தனி டேக், இன்னும் உறுதி வேண்டுமென்றால் இமேஜின் கைரேகை போன்ற ஷா256 டைஜஸ்ட்.

இன்ஸ்டன்ஸ் டெம்ப்ளேட் என்பது இனிமேல் பிறக்கும் மெஷின்களுக்கான அச்சு. ஒருமுறை உருவாக்கினால் திருத்த முடியாது, மாற்றம் வேண்டுமானால் புதிதாக ஒன்று உருவாக்க வேண்டும். பூட் டிஸ்க்குக்கு கன்டெய்னர்-ஆப்டிமைஸ்டு ஓஎஸ் எடுத்துக்கொள்ளுங்கள். குரோமியம் ஓஎஸ்ஸை அடிப்படையாக வைத்துக் கூகுள் தரும் சிறிய லினக்ஸ் அது, டாக்கர் உள்ளேயே வருகிறது, பேக்கேஜ் மேனேஜர் கிடையாது, ரூட் ஃபைல்சிஸ்டம் படிக்க மட்டும்தான்.

விஎம் உருவாக்கும் இடத்திலேயே கன்டெய்னர் பெயரைக் கொடுத்தால் போதும் என்று பழைய வழிகாட்டிகள் சொல்லும். அந்த வசதியைக் கைவிடுவதாகக் கூகுள் அறிவித்துவிட்டது, புதிதாகத் தொடங்குபவர்கள் அதில் இறங்க வேண்டாம். அதற்குப் பதில் கிளவுட்-இனிட் (மெஷின் எழும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லும் அமைப்பு) எழுதி, மெட்டாடேட்டாவில் யூசர்-டேட்டா என்ற கீயில் போடுங்கள். அதற்குள் ஒரு சிஸ்டம்டி சர்வீஸ் (லினக்ஸ் தானே தொடங்கி நிறுத்தும் வேலை), அது மூன்று வேலைகளைச் செய்தால் போதும்: தொடங்குமுன் ரெஜிஸ்ட்ரிக்கான அனுமதியை டாக்கருக்குச் சொல்வது, பிறகு கன்டெய்னரை ஓட்டுவது (ஹோஸ்டின் போர்ட் 80 கன்டெய்னரின் 8080க்குப் போகும்படி), நிறுத்தும்போது டாக்கர் ஸ்டாப்பை 30 வினாடி அவகாசத்துடன் அழைப்பது.

இதில் முதல் வேலைதான் ஆளைச் சுற்றவிடும். அனுமதி கொடுக்கும் ஜிசிஆர் கிரெடென்ஷியல் கருவி, தன் அமைப்பை ஹோம் டைரக்டரியில் எழுதப் பார்க்கும். சிஸ்டம்டி சர்வீஸ் ரூட்டாக ஓடுகிறது, ரூட்டின் ஹோமோ எழுத முடியாத இடத்தில் இருக்கிறது. எழுத முடியாமல் தோற்கும், இமேஜ் இறங்காது, மெஷின் எழுந்து சும்மா நிற்கும். சர்வீஸ் ஃபைலில் ஹோம் என்ற என்விரான்மென்ட் வேரியபிளை, /home டைரக்டரிக்கு அடியில் நீங்கள் உருவாக்கிய ஒரு ஃபோல்டருக்குத் திருப்புங்கள், அவ்வளவுதான். அந்தக் கருவிக்கு உங்கள் ரீஜியனின் ஆர்ட்டிஃபேக்ட் ரெஜிஸ்ட்ரி முகவரியையும் சொல்ல மறக்காதீர்கள்.

டெம்ப்ளேட்டில் மீதி: தனி சர்வீஸ் அக்கவுன்ட், அதற்கு ஆர்ட்டிஃபேக்ட் ரெஜிஸ்ட்ரி ரீடர் அனுமதி. ஃபயர்வாலுக்கு ஒரு நெட்வொர்க் டேக். வெளி ஐபி வேண்டாம், பயனர்கள் லோடு பேலன்சர் வழியாகத்தான் வரப்போகிறார்கள். வெளி ஐபி இல்லாத மெஷின் ரெஜிஸ்ட்ரியைத் தொட, சப்நெட்டில் பிரைவேட் கூகுள் ஆக்சஸை இயக்க வேண்டும். ஆப் வெளியே பேமென்ட் கேட்வே போல எதையாவது அழைக்கிறது என்றால் வெளியே போக மட்டும் வழிவிடும் கிளவுட் நாட் தேவைப்படும்.

குரூப்பை முதலில் இரண்டோடு நிறுத்துங்கள்

டெம்ப்ளேட்டை வைத்து மேனேஜ்டு இன்ஸ்டன்ஸ் குரூப் (ஒரே அச்சில் பிறந்து கூகுள் பராமரிக்கும் மெஷின்களின் தொகுப்பு) உருவாக்குங்கள். ஒரே ஜோனில் (ரீஜியனுக்குள் இருக்கும் ஒரு தனிப் பகுதி) வைக்காமல் ரீஜியனல் குரூப்பாக எடுங்கள், மெஷின்கள் மூன்று ஜோன்களில் பரவும், ஒரு ஜோன் விழுந்தாலும் மற்றவை நிற்கும். ஆட்டோஸ்கேலிங்கை இப்போதைக்கு ஆஃப் செய்து எண்ணிக்கையை 2 என்று வையுங்கள். அடிப்படை சரியாக ஓடாத நிலையில் ஆட்டோஸ்கேலரையும் சேர்த்துவிட்டால், எதனால் எது கெட்டது என்று பிரித்துப் பார்க்கவே முடியாது.

குரூப்பில் நேம்டு போர்ட் ஒன்று சேர்க்க வேண்டும்: பெயர் எச்டிடிபி, எண் 80. லோடு பேலன்சர் இந்தப் பெயரை வைத்துத்தான் போர்ட்டைக் கண்டுபிடிக்கிறது. இதை விட்டுவிட்டு, மெஷினில் ஆப் நன்றாக ஓடுகிறதே, வெளியே ஏன் 502 (பின்னால் இருக்கும் மெஷினிடமிருந்து சரியான பதில் வரவில்லை என்ற பிழை) என்று தேடுபவர்கள் நிறைய.

ஒரு மெஷினில் எஸ்எஸ்எச் செய்து கர்ல் கட்டளையால் ஆப்புக்கு ஒரு ரிக்வெஸ்ட் அடித்துப் பாருங்கள். உள்ளிருந்து பதில் வந்தால் அடுத்ததுக்குப் போகலாம்.

லோடு பேலன்சர்

வெளியிலிருந்து வரும் எச்டிடிபிஎஸ் டிராஃபிக்குக்கு எக்ஸ்டர்னல் அப்ளிகேஷன் லோடு பேலன்சர், குளோபல் வகை. முன்பக்கம் ஒரு நிலையான ஐபியும் கூகுளே பராமரிக்கும் சான்றிதழும், பின்பக்கம் ஒரு பேக்எண்ட் சர்வீஸ், அதில் நம் குரூப். சான்றிதழ் உயிர்பெற, உங்கள் டொமைனின் டிஎன்எஸ் ரெக்கார்டு லோடு பேலன்சரின் ஐபியைக் காட்ட வேண்டும், அதன் பிறகும் சில நேரம் ஒரு மணி நேரம்வரை பிடிக்கும். அதற்குள் பயந்து அழித்து மறுபடி உருவாக்காதீர்கள்.

ஃபயர்வாலில் 130.211.0.0/22, 35.191.0.0/16 என்ற இரண்டு வரம்புகளிலிருந்து போர்ட் 80க்கு அனுமதி கொடுங்கள். மெஷின் நலமா என்று அடிக்கடி கேட்கும் ஹெல்த் செக்கும் சரி, பயனரின் ரிக்வெஸ்ட்டும் சரி, உங்கள் மெஷினுக்கு இந்த முகவரிகளிலிருந்துதான் வந்து சேரும். வேறு யாருக்கும் அந்த போர்ட்டைத் திறக்கத் தேவையில்லை. பயனரின் உண்மையான ஐபி வேண்டுமென்றால் எக்ஸ்-ஃபார்வர்டட்-ஃபார் ஹெடரைப் பாருங்கள். அதில் வலப்பக்கக் கடைசி லோடு பேலன்சரின் ஐபி, அதற்கு இடப்பக்கம் இருப்பது பயனருடையது. இன்னும் இடதுபக்கம் ஏதாவது இருந்தால் அது பயனரே எழுதி அனுப்பியதாக இருக்கலாம், அதை நம்பி எதையும் தீர்மானிக்காதீர்கள்.

ஹெல்த் செக்குக்கு ஆப்பில் தனியாக ஒரு பாதை வையுங்கள். கூகுளின் எச்டிடிபி ஹெல்த் செக் 200 மட்டும்தான் ஆரோக்கியம் என்று எடுத்துக்கொள்ளும். எச்டிடிபியில் வருபவர்களை எல்லாம் எச்டிடிபிஎஸ்ஸுக்குத் திருப்பும் கோடு உங்கள் ஆப்பில் இருந்தால், ஹெல்த் செக்குக்கும் 301 என்ற திருப்புதல் பதில் போகும், எல்லா மெஷினும் நோயாளி ஆகிவிடும். ஹெல்த் பாதைக்கு மட்டும் அந்தத் திருப்புதலை விலக்குங்கள். மற்ற பாதைகளுக்கு எக்ஸ்-ஃபார்வர்டட்-புரோட்டோ ஹெடரைப் பார்த்துத் திருப்புங்கள், இல்லையென்றால் பிரவுசர் முடிவில்லாமல் சுற்றும்.

எப்போதாவது, காரணமே தெரியாமல் வரும் 502 பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். லோடு பேலன்சர் உங்கள் மெஷினுடன் திறந்த இணைப்பைச் சும்மா இருந்தாலும் 600 வினாடி வைத்திருக்கும். எஞ்சின்எக்ஸ் என்ற வெப் சர்வரின் கீப்அலைவ் (சும்மா இருக்கும் இணைப்பைத் திறந்து வைத்திருக்கும் நேரம்) வழக்கமாக 75 வினாடி. எஞ்சின்எக்ஸ் இணைப்பை மூடும் அதே கணத்தில் லோடு பேலன்சர் அதில் ஒரு ரிக்வெஸ்ட்டைத் தள்ளினால், பயனருக்கு 502. நாளுக்கு நான்கைந்து முறை மட்டும் வரும் என்பதால் யாரும் பொருட்படுத்த மாட்டார்கள், ஆனால் அந்த நான்கில் ஒன்று பணம் செலுத்தும் பக்கமாக இருக்கும். கீப்அலைவை 620 வினாடியாக வையுங்கள். நோட்ஜேஎஸ், பைத்தான் சர்வர்களிலும் இதே போன்ற அமைப்பு உண்டு, தேடி மாற்றுங்கள். பேக்எண்ட் டைம்அவுட் வழக்கமாக 30 வினாடி, ரிப்போர்ட் இறக்குவது போல நீளமான ரிக்வெஸ்ட் இருந்தால் அதையும் கூட்ட வேண்டும். கனெக்‌ஷன் டிரெய்னிங்கை (விலகும் மெஷின் கையில் இருக்கும் ரிக்வெஸ்ட்களை முடிக்கக் கொடுக்கும் அவகாசம்) உங்கள் மிக நீளமான சாதாரண ரிக்வெஸ்ட்டைவிடச் சற்றுக் கூடுதலாக, 60 வினாடி போல, நீங்களே எழுதி வையுங்கள்.

தானாகக் குணமாக்குவதில் கவனம்

குரூப்பில் ஆட்டோஹீலிங் என்று ஒன்று உண்டு, ஹெல்த் செக்கில் தோற்கும் மெஷினை அழித்துப் புதிதாக எழுப்பும். லோடு பேலன்சருக்குக் கொடுத்த அதே ஹெல்த் செக்கை இதற்கும் கொடுத்துவிடத் தோன்றும். தயவுசெய்து செய்யாதீர்கள்.

நான் பார்த்துக்கொண்டிருந்த ஒரு முன்பதிவுத் தளத்தில் அப்படித்தான் வைத்திருந்தோம், ஹெல்த் பாதையும் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸில் ஒரு கேள்வி கேட்டுவிட்டுத்தான் 200 சொல்லும். ஒரு நாள் காலை, இன்டெக்ஸ் இல்லாத ஒரு கேள்வியால் டேட்டாபேஸ் திணறியது. மெஷின்கள் நன்றாகத்தான் இருந்தன, ஆனால் ஹெல்த் செக் ஐந்து வினாடிக்குள் பதில் பெறவில்லை. ஆட்டோஹீலர் எல்லா மெஷினையும் அழித்து எழுப்பத் தொடங்கியது. எழுந்த ஒவ்வொன்றும் புதிய இணைப்புகளுடன் டேட்டாபேஸ் மேல் விழுந்தது, அது இன்னும் திணறியது, புதியவையும் அழிக்கப்பட்டன. ஆட்டோஹீலிங்கை நிறுத்திய பிறகுதான் எங்களால் டேட்டாபேஸையே பார்க்க முடிந்தது. மெதுவாக, ஆனால் ஓடியிருக்க வேண்டிய தளம் நாற்பது நிமிடம் அடியோடு கிடந்தது.

அன்றிலிருந்து இரண்டு பாதை. ஒன்று உயிரோடு இருக்கிறதா என்று மட்டும் சொல்வது, எதையும் தொடாமல் உடனே 200 கொடுக்கும், இது ஆட்டோஹீலிங்குக்கு. இன்னொன்று வேலைக்குத் தயாரா என்று சொல்வது, கான்ஃபிக் வந்துவிட்டதா, டேட்டாபேஸ் பூல் (திறந்தே வைத்திருக்கும் இணைப்புகளின் தொகுப்பு) ஒருமுறையாவது இணைந்ததா என்று பார்ப்பது, இது லோடு பேலன்சருக்கு. லோடு பேலன்சரின் செக் ஐந்து வினாடிக்கு ஒருமுறை, இரண்டு தோல்விக்கு விலக்கு என்று சுறுசுறுப்பாக இருக்கலாம், விலக்கப்பட்ட மெஷின் சரியானதும் திரும்ப வந்துவிடும். ஆட்டோஹீலிங்குடையது நிதானமாக இருக்கட்டும்: 15 வினாடிக்கு ஒருமுறை, நான்கைந்து தோல்விக்குப் பிறகே, தொடக்கத் தாமதம் 300 வினாடி.

இப்போது ஆட்டோஸ்கேலர்

கணக்கு எளிது. சிபியு இலக்கு 60 சதவீதம் என்று வைத்திருக்கிறீர்கள், 3 மெஷின்கள் சராசரியாக 90 சதவீதத்தில் ஓடுகின்றன. 3 பெருக்கல் 90 வகுத்தல் 60, அதாவது 4.5, மேலே முழுமையாக்கி 5. இரண்டு மெஷின் கூடும். இலக்கு 60 என்பது வழக்கமாக வருவது, அது ஒன்றும் வேதவாக்கு இல்லை. இலக்குக்கும் 100க்கும் நடுவில் இருக்கும் இடம்தான் புதிய மெஷின் எழும்வரை நீங்கள் தாக்குப்பிடிக்க இருக்கும் மூச்சு. எழ 40 வினாடி போதுமென்றால் 65 கூட வைக்கலாம். மூன்று நிமிடம் ஆகிறதென்றால் 50க்குக் கீழே வைத்து, அதற்கான காசையும் கட்ட வேண்டியதுதான்.

ஆப் பெரும்பாலும் டேட்டாபேஸுக்கும் வெளி ஏபிஐக்கும் காத்திருப்பதிலேயே நேரம் கழிக்கிறது என்றால் சிபியு ஏறவே ஏறாது, பயனர்கள் வரிசையில் நிற்பார்கள், ஆட்டோஸ்கேலர் அசையாது. அப்படிப்பட்ட ஆப்புக்கு ரிக்வெஸ்ட் எண்ணிக்கையை வைத்து அளவிடுங்கள். பேக்எண்ட் சர்வீஸில் பேலன்சிங் முறையை ரேட் என்று மாற்றி, ஒரு மெஷின் நிம்மதியாகத் தாங்கும் எண்ணைக் கொடுங்கள், வினாடிக்கு 150 என்று வைத்துக்கொள்வோம். ஆட்டோஸ்கேலரில் லோடு பேலன்சிங் பயன்பாடு 80 சதவீதம் என்றால் மெஷினுக்கு 120. வினாடிக்கு 700 வந்தால் 6 மெஷின் எழும். அந்த 150 ஒரு இலக்குதான், தடுப்பு இல்லை, எல்லா மெஷினும் நிரம்பிவிட்டால் அதற்கு மேலும் அனுப்பும்.

இனிஷியலைசேஷன் பீரியட் என்ற அமைப்பை ஊகித்து எழுதாதீர்கள். அந்த நேரத்துக்குள் இருக்கும் புதிய மெஷினின் சிபியுவை, இன்னும் மெஷின் கூட்டலாமா என்று முடிவெடுக்கும்போது ஆட்டோஸ்கேலர் பார்க்காது, ஏனென்றால் எழும்போது எந்த மெஷினும் எகிறும். வழக்கமாக 60 வினாடி. குரூப்பை ஒன்று கூட்டிவிட்டு, லோடு பேலன்சரில் அது ஆரோக்கியம் என்று தெரியும்வரை கடிகாரம் பிடித்து அளந்து, அந்த எண்ணைப் போடுங்கள். குறைவாகப் போட்டால் தேவையில்லாமல் மெஷின் எழும், கூடுதலாகப் போட்டால் நிஜக் கூட்டத்தில் தாமதமாகும்.

குறைக்கும் பக்கம் ஆட்டோஸ்கேலர் தானே நிதானமாக இருக்கிறது, கடந்த 10 நிமிடத்தின் உச்சத்தைப் பார்த்துத்தான் குறைக்கும். அலை அலையாகக் கூட்டம் வரும் தளம் என்றால், ஸ்கேல்-இன் கட்டுப்பாட்டில் 10 நிமிடத்துக்கு ஒரு மெஷினுக்கு மேல் குறைக்காதே என்றும் சொல்லி வைக்கலாம்.

குறைந்தபட்சம் 2 போதும், பணம் புழங்கும் தளம் என்றால் ஜோனுக்கு ஒன்றாக 3. அதிகபட்சத்தை நீங்கள் பில் கட்டத் தயாராக இருக்கும் எண்ணில் வையுங்கள், அந்த எண்ணுக்கு உங்கள் ப்ராஜெக்ட்டின் சிபியு கோட்டா இடம் கொடுக்கிறதா என்று இன்றே பாருங்கள். கோட்டா முடிந்தால் ஆட்டோஸ்கேலர் கேட்டுக்கொண்டே இருக்கும், மெஷின் வராது.

காலை 8 மணிக்கு முன்பதிவு திறக்கிறது என்று நேரம் தெரிந்த கூட்டத்துக்கு ஆட்டோஸ்கேலரை நம்பி உட்கார வேண்டாம். சில வினாடிகளில் பத்து மடங்கு ஏறும் கூட்டத்தை எந்த ஆட்டோஸ்கேலராலும் எட்டிப்பிடிக்க முடியாது. ஸ்கேலிங் ஷெட்யூல் போட்டு 7.45க்கே குறைந்தபட்சத்தை 8 ஆக்குங்கள். நேர மண்டலத்தை இந்திய நேரம் என்று குறிப்பிட மறந்தால் அது யூடிசி என்று எடுத்துக்கொண்டு மதியம் 1.15க்கு மெஷின்களை எழுப்பும். தினமும் ஒரே மாதிரி ஏறி இறங்கும் டிராஃபிக் என்றால் பிரெடிக்டிவ் ஆட்டோஸ்கேலிங்கையும் முயன்று பாருங்கள், குறைந்தது 3 நாள் வரலாறு அதற்கு வேண்டும், சிபியு அளவுக்கு மட்டும்தான் வேலை செய்யும்.

டேட்டாபேஸ் தாங்குமா

மெஷின் கூடுவதற்கு முன் இதைக் கணக்குப் போடுங்கள். போஸ்ட்கிரெஸ்ஸின் வழக்கமான இணைப்பு உச்சவரம்பு 100. மெஷினுக்கு 20 இணைப்புள்ள பூல் வைத்திருந்தால் ஐந்தாவது மெஷினோடு வரம்பு முடிந்தது, ஆறாவது எழுந்து பிழையை மட்டும் பரிமாறும். பூலைச் சிறிதாக்குங்கள், அல்லது நடுவில் இணைப்புகளைப் பகிர்ந்து கொடுக்கும் பிஜிபவுன்சர் வையுங்கள். அதிகபட்ச மெஷின் எண்ணிக்கையைப் பூல் அளவால் பெருக்கி வருவது டேட்டாபேஸின் வரம்பைவிடக் குறைவாக இருக்க வேண்டும், ரோலிங் அப்டேட் (மெஷின்களைச் சிறிது சிறிதாகப் புதிய டெம்ப்ளேட்டுக்கு மாற்றுவது) நேரத்தில் கூடுதலாக எழும் மெஷின்களையும் சேர்த்து.

உடைத்துப் பாருங்கள்

கே6 போன்ற ஒரு கருவியால் மெதுவாகச் சுமையை ஏற்றுங்கள், பத்து நிமிடத்தில் சாதாரண நாளின் ஐந்து மடங்குவரை. குரூப்பின் மெஷின் எண்ணிக்கை, சராசரி சிபியு, 95ஆவது சதமான பதில் நேரம் (நூற்றில் 95 ரிக்வெஸ்ட்கள் அதற்குள் முடியும் நேரம்) மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். சிபியு இலக்கைத் தாண்டிய நேரத்தையும், புதிய மெஷின் முதல் ரிக்வெஸ்ட் வாங்கிய நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள். அதற்கு நடுவில் பதில் நேரம் எவ்வளவு மோசமானது என்பதைப் பார்த்தால் இலக்கை எங்கே வைப்பது என்று தெரிந்துவிடும்.

அதே சுமை ஓடும்போதே ஒரு மெஷினின் கன்டெய்னரை நிறுத்துங்கள். லோடு பேலன்சர் சில வினாடிகளில் விலக்க வேண்டும், ஆட்டோஹீலர் ஒரு நிமிடம் தாண்டி மாற்று மெஷின் எழுப்ப வேண்டும். அப்புறம் புதிய டெம்ப்ளேட் ஒன்றை உருவாக்கி ரோலிங் அப்டேட் ஓட்டுங்கள், மேக்ஸ் அன்அவெய்லபிள் (ஒரே நேரத்தில் எத்தனை மெஷின் குறையலாம்) 0, மேக்ஸ் சர்ஜ் (எத்தனை கூடுதலாக எழலாம்) 3 என்று. ரீஜியனல் குரூப்பில் சர்ஜ் எண் ஜோன்களின் எண்ணிக்கைக்குக் குறையக் கூடாது, அதனால்தான் 3. இந்த அப்டேட் முடியும்வரை கே6 ஒரு 502 கூடக் காட்டக் கூடாது. காட்டினால் சிக்டெர்ம், டிரெய்னிங், கீப்அலைவ் மூன்றில் ஒன்றுதான், அதே வரிசையில் தேடுங்கள். பழைய டெம்ப்ளேட்டை மட்டும் அழித்துவிடாதீர்கள், நள்ளிரவில் பின்வாங்க வேண்டி வந்தால் குரூப்பை அதற்குத் திருப்பி இன்னொரு ரோலிங் அப்டேட் ஓட்டினால் போதும்.